‘பார்த்தா நல்லாத்தானே இருக்கே?!’

க்ளாஸ்ல அடிக்கடி லீவு போடுற ஒரு ஃப்ரெண்ட் உங்களுக்கும் இருப்பாங்க. கை, கால், கண், காது எல்லாம் நல்லா இருக்கும். ஆனா, ஹீமோபிலியாவால முட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கியிருக்கும். இல்லேன்னா, தலசீமியாவுக்காக சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்திக்கணும். மாமல்லபுரத்துல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு வரைக்கும் நின்னுக்கிட்டே வர்றது அவங்களுக்கு எவ்ளோ பெரிய வலின்னு பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது. “மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டா... உனக்கா?”ன்னு சிரிப்பாங்க. சட்டம் சிரிக்கலை பாஸ்!

7 இப்போ 21!

1995-ம் வருஷச் சட்டத்துல மொத்தமே 7 வகைக் குறைபாடுகள்தான். 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) அதை 21 ஆக்கிடுச்சு. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என மூணு ரத்தக் கோளாறுகள்... மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், நாள்பட்ட நரம்பியல் பிரச்னைகள்... எல்லாமே இப்போ லிஸ்ட்ல இருக்கு.

திருமணி சொல்லும் பாடம்

‘நோய் எப்படி ஊனம் ஆகும்?’னு கேக்குறீங்களா? செங்கல்பட்டுக்காரங்களுக்கு பதில் பக்கத்துலயே இருக்கு. திருமணியில 1924-ல் தொடங்கின லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைத்தான், 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கிட்டு ஆராய்ச்சி நிறுவனமா மாத்துச்சு. தொழுநோய்க்கு மருந்து உண்டு, கிருமி போயிடும். ஆனா மரத்துப்போன பாதமும் மடங்கின விரலும் சிலருக்கு அப்படியே நின்னுடும். அதனாலதான் ‘தொழுநோயிலிருந்து குணமானவர்கள்’ ரெண்டு சட்டத்திலும் இருக்காங்க. ஆக, நோயோட பேரு லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதாது. அது உங்க உடம்புல எவ்வளவு பாதிப்பை விட்டுவெச்சிருக்குன்னு டாக்டர்கள் அளந்து பார்ப்பாங்க.

40... அதான் மேட்டர்!

அந்த அளவைத்தான் சதவீதமா போடுவாங்க. 40-ம் அதுக்கு மேலயும் இருந்தா முக்கியமான கதவுகள் திறக்கும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள்ல 5 சதவீத இட ஒதுக்கீடு, அட்மிஷனுக்கு 5 வருஷ வயது வரம்புத் தளர்வு. தமிழக அரசு தர்ற மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்துல தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தொழுநோய் பாதிப்பு உள்ளவங்களுக்கும் இடம் உண்டு.

எப்படி வாங்குறது?

‘ஸ்வாவ்லம்பன் கார்டு’ என்கிற மத்திய அரசு இணையதளத்துல அப்ளை பண்ணணும். போட்டோ, ஆதார், நோய் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டுகள் ரெடியா இருக்கட்டும். அப்புறம் அரசு மருத்துவமனையில பரிசோதனை. பாதிப்பு நாளாக ஆக மாறலாம்னா, சான்றிதழ்ல கால அளவு போட்டுத் தருவாங்க. அந்தத் தேதியை மறந்துடாதீங்க! 2019 நவம்பருக்கு முன்னாடி கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்து ஆளுங்க மாவட்ட ஆபீஸ் வேலைன்னா காஞ்சிபுரம் ஓடணும். செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனதுல அந்த அலைச்சல் மிச்சம். கொடுத்த சதவீதம் தப்புன்னு தோணினா, மேல்முறையீடு பண்ண சட்டத்தோட 59-வது பிரிவு வழி வெச்சிருக்கு.

கசப்பான பக்கம்

எல்லாம் சூப்பர்னு சொல்லி ஏமாத்த விருப்பமில்லை. அரசு வேலையில 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனா அதுக்கான 34-வது பிரிவுல ரத்தக் கோளாறுகளோட பேரு இல்லை. காலேஜ் சீட்டுக்குச் செல்லுற சர்டிஃபிகேட், அதே ஸ்டூடன்ட்டோட வேலை ஒதுக்கீட்டுக்குச் செல்லாது! கேன்சர், சிறுநீரகச் செயலிழப்பு, டைப்-1 சர்க்கரை நோய் இதெல்லாம் 21-லயே கிடையாது. மத்திய அரசு நினைச்சா புது வகைகளைச் சேர்க்கலாம்னு சட்டத்தோட பட்டியல்லயே எழுதியிருக்கு. அதுவரைக்கும் வேற வழிகளைப் பாருங்க. கேன்சர், கிட்னி நோயாளிகள் சிகிச்சைக்குப் போற ரயில் பயணத்துக்கு, டாக்டர் சான்று இருந்தா கட்டணச் சலுகை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸும் சேர்த்தி.

40-க்குக் கீழேன்னா ஜீரோவா?

இல்லவே இல்லை! விகாஷ் குமார்னு ஒருத்தர் சிவில் சர்வீஸ் எக்ஸாமுக்குத் தயாரானவர். பேனா பிடிச்சா கை இழுத்துக்கும். சொல்லச் சொல்ல எழுத ‘ஸ்க்ரைப்’ கேட்டார். ‘40 சதவீதம் இல்லையே’ன்னு மறுத்துட்டாங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 2021 பிப்ரவரி 11-ல் அவர் பக்கம் தீர்ப்பு. 40 இல்லாட்டியும் எழுதக் கஷ்டப்படுறவருக்கு உதவி தரணும்னு கோர்ட் சொல்லிடுச்சு. 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு அதுக்கு வழிகாட்டு நெறிமுறையே போட்டுச்சு.

எழுதும்போது கை மரத்துப்போற ஃப்ரெண்ட் யாராவது, ‘மார்க் போனா போகட்டும்’னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களா? இதை அவங்ககிட்டச் சொல்லுங்க. அது இரக்கத்துல கிடைக்கிற சலுகை இல்லை... உரிமை!

வர்ற சனிக்கிழமை, அலமாரியில சிதறிக்கிடக்கிற பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தேதி வாரியா ஒரே ஃபைல்ல போட அவங்களுக்கு ஹெல்ப் பண்ணுங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும். மீதிப் பாதிக்கு... ஆஸ்பத்திரி க்யூவுல கூட நிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க ரெடியா?