ஏபெக் உச்சி மாநாடு 2018: பப்புவா நியூ கினி நடத்திய பன்னாட்டு மாநாடு

ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பின் (ஏபெக்) தலைவர்கள் உச்சி மாநாடு 2018 நவம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நடைபெற்றது. ஏபெக் உறுப்பினர்களில் மிகவும் ஏழ்மையான நாடு ஒன்று இம்மாநாட்டை நடத்தியது. 1993இல் தலைவர்கள் கூடத் தொடங்கிய பிறகு கூட்டறிக்கை இல்லாமல் முடிந்த முதல் மாநாடும் இதுவே. ஒரு பன்னாட்டுப் பொருளாதார மாநாட்டை நடத்துவதால் சிறிய நாடொன்றுக்குக் கிடைப்பது என்ன, அதற்கு அந்நாடு கொடுக்கும் விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள இம்மாநாடு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஏபெக் அமைப்பு

ஏபெக் 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 12 உறுப்பினர்களுடன் தொடங்கப்பட்டது. இன்று அமெரிக்கா, சீனா, ஜப்பான், ரஷ்யா, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட 21 உறுப்பினர்கள் உள்ளனர். ஹாங்காங்கும், சீனத் தைப்பே என்ற பெயரில் தைவானும் இடம்பெற்றுள்ளதால் உறுப்பினர்களை 'நாடுகள்' என்று குறிப்பிடாமல் 'பொருளாதாரங்கள்' என்று குறிப்பிடுவது இவ்வமைப்பின் வழக்கம். இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பினர்கள் அல்ல.

இவ்வமைப்பின் செயலகம் சிங்கப்பூரில் உள்ளது. இதன் முடிவுகள் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு வாசகம் கூட்டறிக்கையில் இடம்பெறும். ஆகவே, 20 உறுப்பினர்கள் ஏற்ற ஒன்றை மீதமுள்ள ஒருவர் தடுத்துவிட முடியும். 2018இல் இந்த நடைமுறையே சிக்கலாக மாறியது.

நடத்தும் நாட்டின் பொறுப்பு

தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் ஓர் உறுப்பினரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுகிறது. தலைவர்கள் கூடும் இரண்டு நாள்கள் மட்டுமே உலகின் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் இது ஓராண்டுப் பணி. அதிகாரிகள், அமைச்சர்கள், தொழில் துறையினர் ஆகியோரின் கூட்டங்கள் அனைத்தையும் நடத்தும் நாடே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டின் கருப்பொருளை அறிவிப்பதும், கூட்டறிக்கையின் வரைவுக்கு எல்லோரையும் இணங்க வைப்பதும் அந்நாட்டின் கடமைகள். மண்டபம், தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றின் செலவில் பெரும்பங்கும் அதன் மீதே விழுகிறது.

பப்புவா நியூ கினியின் நிலை

பப்புவா நியூ கினி 1975 செப்டம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்றது. இங்கு 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. மக்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வேளாண்மை செய்து வாழ்கின்றனர். தலைநகரிலிருந்து நாட்டின் பிற பெரிய நகரங்களுக்குச் செல்லத் தரைவழிச் சாலை இல்லை. விமானத்திலோ கப்பலிலோதான் செல்ல வேண்டும்.

2014இல் திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதி தொடங்கியபோது நாட்டின் வருவாய் பெருகும் என்ற நம்பிக்கை நிலவியது. ஆனால் அதே ஆண்டில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரியத் தொடங்க, எதிர்பார்த்த வருவாய் கிடைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் மலைப்பகுதியில் ஏற்பட்ட 7.5 அளவு நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எரிவாயு உற்பத்தியும் சில வாரங்கள் நின்றது. அதே ஆண்டு ஜூன் மாதம், 2000ஆம் ஆண்டிலேயே போலியோ அற்றதாகச் சான்று பெற்றிருந்த இந்நாட்டில் போலியோ மீண்டும் பரவியிருப்பது உறுதி செய்யப்பட்டது. மாநாட்டு ஏற்பாடுகள் நடந்தது இந்தச் சூழலில்தான்.

ஏற்பாடுகளும் எதிர்ப்பும்

தலைவர்கள் கூடுவதற்காக எலா கடற்கரையில் 'ஏபெக் ஹவுஸ்' என்ற புதிய கட்டடம் எழுப்பப்பட்டது. இதன் வடிவம் 'லகடோய்' எனப்படும் பாய்மரக் கலத்தை நினைவூட்டுவது. போர்ட் மோர்ஸ்பி பகுதியின் மோட்டு மக்கள் இத்தகைய கலங்களில் மண்பாண்டங்களை ஏற்றிச் சென்று, அவற்றைக் கொடுத்துச் சேகோ பனை மாவை வாங்கி வந்தனர். ஹிரி எனப்படும் அந்தப் பண்டமாற்றுப் பயணம் இன்றும் விழாவாக நினைவுகூரப்படுகிறது.

நகரில் விடுதி அறைகள் போதாததால், துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட மூன்று சொகுசுக் கப்பல்களில் பிரதிநிதிகளும் செய்தியாளர்களும் தங்க வைக்கப்பட்டனர். அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் தங்கி அங்கிருந்து விமானத்தில் வந்து சென்றார். பாதுகாப்புக்கு ஆஸ்திரேலியா போர்க்கப்பலையும் போர் விமானங்களையும் அனுப்பியது.

மக்களின் கோபத்தை அதிகம் கிளறியது, விருந்தினர்களுக்காக இத்தாலியிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட 40 மசராட்டி கார்கள். மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவும்போது இந்தச் செலவு எதற்கு என்று பலரும் கேட்டனர். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்திற்கு அழைப்பு விடுத்தனர். மாநாடு முடிந்ததும் தனியாருக்கு விற்றுவிடலாம், அதனால் இழப்பு ஏற்படாது என்று அரசு விளக்கமளித்தது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலான கார்கள் விலைபோகாமல் கிடங்கிலேயே கிடந்தன. பழுது பார்க்க வசதியற்ற, மேடுபள்ளமான சாலைகள் கொண்ட நாட்டில் அவற்றை வாங்குவோர் அரிதாகவே இருந்தனர்.

வல்லரசுகளின் போட்டி

2018 ஜூலையில் அமெரிக்காவும் சீனாவும் ஒன்றன் பொருள்கள் மீது மற்றொன்று கூடுதல் சுங்க வரி விதிக்கத் தொடங்கியிருந்தன. அமெரிக்க அதிபர் டிரம்ப் மாநாட்டுக்கு வரவில்லை. சீன அதிபர் ஷி ஜின்பிங் மாநாட்டுக்கு முன்பே வந்து அரசுமுறைப் பயணம் மேற்கொண்டார். சீன உதவியில் அமைக்கப்பட்ட நாடாளுமன்றப் பெருஞ்சாலையும் பள்ளி ஒன்றும் அப்போது திறந்து வைக்கப்பட்டன. பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களையும் அவர் சந்தித்தார்.

இதற்கு ஈடுகொடுக்கும் வகையில் எதிர்த்தரப்பும் அறிவிப்புகளை வெளியிட்டது. மானுஸ் தீவிலுள்ள லோம்ப்ரம் கடற்படைத் தளத்தை மேம்படுத்தும் ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினி முயற்சியில் அமெரிக்காவும் சேரும் என்று பென்ஸ் தெரிவித்தார். அப்போது மக்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கே மின்வசதி இருந்தது. 2030க்குள் அதை 70 விழுக்காடாக உயர்த்த ஆஸ்திரேலியா, ஜப்பான், நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளும் பப்புவா நியூ கினியுடன் உடன்பாடு செய்துகொண்டன. சிட்னியிலிருந்து போர்ட் மோர்ஸ்பிக்கும் சாலமன் தீவுகளுக்கும் கடலடி இணையக் கம்பிவடம் அமைக்கும் பணியையும் ஆஸ்திரேலியா ஏற்கெனவே கையில் எடுத்திருந்தது. சீன நிறுவனம் ஒன்று அதைச் செய்துவிடக் கூடாது என்பது அதன் முக்கிய நோக்கம்.

கூட்டறிக்கை இல்லாத முடிவு

உலக வணிக அமைப்பின் சீர்திருத்தம் பற்றியும் நியாயமற்ற வணிக நடைமுறைகளை எதிர்ப்பது பற்றியும் வரைவில் இருந்த வாசகங்களில் உடன்பாடு ஏற்படவில்லை. நியாயமற்ற நடைமுறைகள் என்ற சொற்கள் தன்னையே சுட்டுவதாகச் சீனா கருதியதாகச் செய்திகள் வெளியாயின. வரைவைப் பற்றிப் பேசுவதற்காகச் சீன அதிகாரிகள் அந்நாட்டு வெளியுறவு அமைச்சரின் அலுவலகத்தினுள் நுழைய முயன்றதாகவும், காவலர்கள் அழைக்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. சீனா இதை மறுத்தது. அறையிலிருந்த இரண்டு பெரிய நாடுகள் இணங்கவில்லை என்பதே பிரதமர் பீட்டர் ஓ'நீலின் விளக்கம். கூட்டறிக்கைக்குப் பதிலாகத் தலைமை நாட்டின் அறிக்கை மட்டும் பின்னர் வெளியிடப்பட்டது.

மாநாட்டுக்குப் பின்

விருந்தினர்கள் சென்ற இரண்டாம் நாளே, நவம்பர் 20 அன்று, மாநாட்டுப் பாதுகாப்புப் பணிக்கான படி வழங்கப்படவில்லை என்று காவலர்களும் படைவீரர்களும் சிறைக்காவலர்களும் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கண்ணாடிகளையும் பொருள்களையும் உடைத்தனர். 2019 மே மாதத்தில், எரிவாயு ஒப்பந்தம் தொடர்பான அதிருப்தி உள்ளிட்ட காரணங்களால் ஓ'நீல் பதவி விலகினார். ஜேம்ஸ் மராப்பே பிரதமரானார்.

மறுபுறம், கடலடிக் கம்பிவடம் செயல்பாட்டுக்கு வந்தது. பசிபிக் பகுதி மீதான வல்லரசுகளின் கவனமும் குறையவில்லை. 2023 மே மாதத்தில் அமெரிக்கா பப்புவா நியூ கினியுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது.

உள்நாட்டு அமைதி இல்லாமல் மாநாட்டை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அடுத்த ஆண்டும் காட்டியது. 2019 மாநாட்டை நடத்தவிருந்த சிலி, மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்ததில் தொடங்கிய மக்கள் போராட்டத்தால் அதைக் கைவிட்டது.

மதிப்பீடு

ஏழை நாடு ஒன்றுக்கு மாநாட்டை நடத்தும் ஆண்டு, பெரிய நாடுகள் அதன் வாசலுக்கு வந்து நிற்கும் ஆண்டாகும். சாலை, மின்சாரம், இணையம் ஆகியவற்றைக் கேட்டுப் பெற அதைவிட நல்ல தருணம் எளிதில் வாய்ப்பதில்லை. பப்புவா நியூ கினி அத்தருணத்தை ஓரளவு பயன்படுத்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். ஆயினும், கிடைத்த உறுதிமொழிகள் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆகும். கார்களுக்கும் கட்டடத்துக்கும் ஆன செலவோ உடனே வந்துவிடுகிறது. அவ்வகையில், இம்மாநாட்டால் அந்நாடு பெற்றது எவ்வளவு என்பதை அளக்க, மின்விளக்கு எரியும் சிற்றூர் வீடுகளின் எண்ணிக்கையே தகுந்த அளவுகோலாக இருக்கும்.