மேங்கோ எந்த நவுன்?



ஆங்கில இலக்கணத்தில் முதல் பாடமே நவுன்தான். காமன் நவுன் என்றால் பொதுப்பெயர், ப்ராப்பர் நவுன் என்றால் சிறப்புப்பெயர். இவ்வளவுதானே, ரொம்ப ஈஸி என்று நினைக்கிறோம். ஆனால் பரீட்சையில் இதில்தான் நிறைய பேருக்கு மார்க் போகிறது. ஏன் என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஓர் இனத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்துவது காமன் நவுன். ரிவர், சிட்டி, டாக் எல்லாம் அப்படித்தான். அந்த இனத்தில் ஒன்றை மட்டும் தனியாகக் குறிக்க வைத்த பெயர் ப்ராப்பர் நவுன். வைகை, மதுரை மாதிரி. நாய் என்றால் தெருவில் உள்ள எல்லாமே நாய்தான். 'மணி' என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஒன்றே ஒன்றுதான் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும்!

சரி, குழப்பம் எங்கே வருகிறது? தமிழ் இலக்கணத்தில் வருகிறது. மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். மா, வாழை என்பவை இடுகுறிச் சிறப்புப்பெயர் என்று படித்திருக்கிறோம். நன்னூல் இப்படித்தான் பிரிக்கிறது. அதே ஞாபகத்தில் 'மேங்கோ'வையும் ப்ராப்பர் நவுன் என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. மேங்கோ காமன் நவுன்தான்.

அப்படியென்றால் தமிழ் இலக்கணம் தப்பா? இல்லவே இல்லை. இரண்டும் சரிதான். தமிழில் மரங்களுக்குள் ஒரு வகையைப் பிரித்துச் சொன்னாலே அது சிறப்பு. ஆங்கிலத்தில் வகை போதாது, ஒரே ஒன்றின் பெயராக இருக்க வேண்டும். ஊரில் எத்தனை மாமரம் இருக்கிறது! அத்தனைக்கும் பெயர் மேங்கோ ட்ரீதானே? அதனால் ப்ராப்பர் நவுன் என்றால் 'தனிப்பெயர்' என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பமே வராது.

அடுத்தது கேபிட்டல் லெட்டர். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் ஆங்கிலம் எழுதும்போது நமக்கு மறந்துபோகிறது. இவற்றைக் கவனியுங்கள்:

1. கிழமையும் மாதமும் திரும்பத் திரும்ப வந்தாலும் ப்ராப்பர் நவுன்தான். மண்டே, ஜனவரி இரண்டுக்கும் கேபிட்டல். ஆனால் சம்மர், விண்டர் என்ற பருவங்களுக்குச் சின்ன எழுத்து.

2. தமிழ், இங்கிலீஷ் போன்ற மொழிப் பெயர்களுக்குக் கேபிட்டல்.

3. 'ரிவர்' தனியாக வந்தால் சின்ன எழுத்து. 'வைகை ரிவர்' என்று சேர்ந்து வந்தால் இரண்டுக்குமே கேபிட்டல்.

4. 'சைனா' என்பதற்குக் கேபிட்டல் போட்டால் சீன நாடு. சின்ன எழுத்தில் எழுதினால் பீங்கான்! ஓர் எழுத்தில் ஒரு நாடே பீங்கான் தட்டு ஆகிவிடும்.

அறிவியல் பாடத்திலும் இது உண்டு. ஐசக் நியூட்டன் (1642–1727) என்ற விஞ்ஞானியின் பெயருக்குக் கேபிட்டல். அவர் பெயரில் விசையை அளக்கிறோமே, '5 நியூட்டன்' என்று, அந்த நியூட்டனை முழுசாக எழுதினால் சின்ன எழுத்து. ஏனென்றால் அது இப்போது ஆளின் பெயர் இல்லை, அலகின் பெயர், அதாவது காமன் நவுன். ஆனால் 'என்' என்று ஒரே எழுத்தில் சுருக்கி எழுதும்போது கேபிட்டல்தான். வோல்ட், வாட், ஆம்பியர் எல்லாமே இப்படித்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். எது காமன், எது ப்ராப்பர்?

1. கோகனட் 2. தஞ்சாவூர் 3. சாட்டர்டே 4. மவுன்டன் 5. எவரெஸ்ட் 6. ஆம்பியர் (அலகு)

விடை: 1, 4, 6 காமன் நவுன். 2, 3, 5 ப்ராப்பர் நவுன்.

ஆறும் சரியென்றால் சபாஷ்! ஒன்றிரண்டு தவறினால் கவலை வேண்டாம். 'இது ஒன்றுக்கு மட்டும் வைத்த பெயரா, ஒரு கூட்டத்துக்கே பெயரா?' என்று கேட்டுப் பார்த்து மறுபடி போடுங்கள்.



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு