பர்கூருக்கு முன் பரத்பூர்

ராஜஸ்தானின் பரத்பூரை ஒட்டிய கேவலாதேவ், 29 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஈரநிலம். சுற்றுவட்டாரக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அதில் எருமை மேய்த்துவந்தார்கள். தேசியப் பூங்கா என்ற தகுதி வந்ததும், 1982 நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை விழுந்தது. எதிர்த்துக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின.

பறவைகளுக்காகப் போட்ட தடை அது. பறவைகளுக்கு என்ன கிடைத்தது? எருமைகள் தண்ணீருக்குள் இறங்கித் தின்றது பெரும்பாலும் பாஸ்பேலம் என்ற நீர்ப்புல்லை. தின்ன வாய் இல்லாமல் போனதும் அந்தப் புல், ஆழமில்லாத நீர்ப்பரப்பைப் பாய் விரித்ததுபோல் மூடியது. வாத்துகளுக்குத் திறந்த நீர் சுருங்கியது, மீனும் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் 1990 வரை அங்கே நடத்திய நீண்ட ஆய்வு, எருமை மேய்ச்சல் அந்த ஈரநிலத்துக்குத் தேவை என்ற முடிவுக்கு வந்தது. நிர்வாகம் புல்டோசர் விட்டுப் பார்த்தது. கடைசியில் அதே ஊராரை உள்ளே விட்டு, புல்லை அறுத்துக்கொண்டு போகச் சொன்னது. சைபீரியக் கொக்கு 2002-க்குப் பிறகு அங்கே வருவதில்லை. வரும் வழியில் நடக்கும் வேட்டை உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அந்தப் பழியையும் தடையின் தலையில் கட்டக் கூடாது.

இப்போது நம் பக்கம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கிக்கொண்டது. உத்தரவு சுருங்கியது, சரணாலயங்களோ பெருகுகின்றன. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலைக் காடுகளில் சுமார் 800 சதுர கிலோமீட்டர், தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

பர்கூர் மலை மாடு செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்டது. கட்டுத்தறிக்குப் பழகாதது. காட்டுக்குள் முள்வேலி அடைத்த பட்டியில் இரவு தங்கும், பகலெல்லாம் மலையில் மேயும். பால் கொஞ்சம்தான். வருமானம் கன்று விற்பதிலும் எருவிலும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஓட்டிவருவார்கள். பட்டியைக் கலைத்து, தீவனம் வாங்கிப்போட்டு இந்த மாட்டை வளர்க்க எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. மேய்ச்சல் நின்றால் இந்த இனமும் நிற்கும்.

மாடு மேய்ந்தால் காட்டுக்குக் கேடே இல்லை என்பதும் பொய். 1968-இல் மாட்டு வெக்கை நோய் தாக்கி முதுமலை, பந்திப்பூர் காட்டெருதுகள் கூட்டமாக மடிந்தன. காபித் தோட்டங்களில் சாணத்துக்கு விலை ஏறியபோது பந்திப்பூர் ஓரத்துக் கிராமங்களில் மாடுகள் பெருகியதும் பதிவாகியிருக்கிறது. சந்தைக்காகப் பெருக்கிய மந்தையும் பரம்பரைப் பட்டியும் ஒன்றல்ல. முழுத் தடை இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது.

முழுத் தடைக்கும் ஒழுங்குபடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்துக்குத் தெரியும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் மேய்ச்சலை விலக்குகிறது. சரணாலயத்திலோ அதை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. மேய வரும் மாட்டுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது. மேய்ச்சலே கூடாதென்றால் ஊசி எதற்கு? 2006 வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சலைக்கூட உரிமையாக ஏற்கிறது. சரணாலயமும் பூங்காவும் அதற்கு விலக்கல்ல.

மலைக்காரனைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் கண்முன் சான்று உண்டு. 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. புலி அடித்த தன் மாட்டின் உடலில் ஒருவர் விஷம் வைத்திருந்தார். அப்படி வைக்கும் விஷம் புலியோடு நிற்காது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகள் இரைக்கு இறங்குவதும் இத்தகைய உடல்களில்தான். எத்தனை வனக்காவலரைப் போட்டாலும் ஒவ்வொரு செத்த மாட்டுக்கும் காவல் வைக்க முடியாது.

எனவே அரசு செய்ய வேண்டியதை வரிசை மாற்றாமல் செய்யட்டும். முதலில் பர்கூரிலும் மேகமலையிலும் கிராம சபைகள் வழியாக மேய்ச்சல் உரிமைகளை முடிவு செய்து பட்டா வழங்கட்டும். எந்தப் பட்டியில் எத்தனை மாடு, எந்த மாதம் எந்தப் பகுதியில் மேய்கிறது, அங்கே புல்லும் உண்ணிச்செடியும் எப்படி இருக்கின்றன என்று மேய்ப்பர்களையும் வைத்துக்கொண்டு கணக்கெடுக்கட்டும். மாடுகளுக்குத் தடுப்பூசி போடட்டும். இவை முடியும்வரை ஒரு பட்டியையும் கலைக்கக் கூடாது.