பூமலைக்குப் பின்னால் ஒரு 'பேய் மாளிகை': கதை எது, வரலாறு எது?

"ஹாலந்து ரோடு பக்கம் காட்டுக்குள்ள ஒரு பேய் மாளிகை இருக்காம். மாடி ஜன்னல்ல ஒரு பொம்பள நிக்குமாம்!"

பள்ளியிலோ தேசியச் சேவையிலோ யாராவது ஒருவர் இந்தக் கதையை உங்கள் காதில் போட்டிருப்பார். காணொளிகளும் பார்த்திருப்பீர்கள். கும்மிருட்டு, கைத்தொலைபேசி வெளிச்சம், உடைந்த படிக்கட்டு, பிறகு "டேய், என்னடா சத்தம் அது?" என்று ஒரு குரல். அதோடு வீடியோ முடிந்துவிடும்.

அந்த மாளிகை உண்மையானது. அதன் பெயர் இஸ்தானா வுட்நியூக். இஸ்தானா என்றால் மலாய் மொழியில் அரண்மனை. ஆர்ச்சர்ட் ரோட்டில் தீபாவளி சமயத்தில் பார்க்கும் அதிபர் மாளிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஜொகூர் அரச குடும்பத்துக்குச் சொந்தமானது. பூமலையை ஒட்டிய டையர்சால் பகுதியில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது.

இரண்டு மாளிகை, ஒரு குழப்பம்

இணையத்தில் பலர் இதை 'இஸ்தானா டையர்சால்' என்று குறிப்பிடுகிறார்கள். அது தவறு. அங்கே இரண்டு அரண்மனைகள் இருந்தன.

டையர்சால் என்ற பெயர் முதலில் வில்லியம் நேப்பியர் என்ற வழக்கறிஞரின் வீட்டுக்குரியது. பக்கத்தில் உள்ள நேப்பியர் ரோடு அவர் பெயரால் வந்ததுதான். பின்னர் அந்த இடத்தை ஜொகூரின் அபு பக்கர் வாங்கினார். அங்கே அவர் கட்டிய இஸ்தானா டையர்சால் 1892இல் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. அதில் மின்விளக்குகள் இருந்தன. சிங்கப்பூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததோ 1906இல்தான். அப்படியானால் அந்தக் கால மக்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! சுல்தான் அபு பக்கர் 1895இல் லண்டனில் காலமானார். பத்தே ஆண்டுகளில், 1905இல், அந்த அரண்மனையைத் தீ தின்றுவிட்டது.

வுட்நியூக் அதற்குப் பக்கத்து வீடு. சுல்தானா கதிஜா வாழ்ந்த இடம். இப்போது காணொளிகளில் தெரியும் நீல ஓட்டுக் கட்டடம் 1930களில் புதிதாகக் கட்டப்பட்டது. அப்போதைய சுல்தான் இப்ராஹிம், 1930இல் தாம் மணந்த ஸ்காட்லந்துப் பெண் ஹெலனுக்காகக் கட்டினார். 1938இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஜன்னலில் நிற்பது 'வெள்ளைக்காரி' என்று சிலர் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கல்யாணக் கதைதான் விதையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' நாவலில் வரும் பிரம்மாண்ட வீட்டின் பெயர் டையர்சால் பார்க். அந்தப் பெயரும் இந்தப் பகுதியிலிருந்து போனதுதான். ஆனால் படத்தில் நீங்கள் பார்த்த வீடு இங்கே இல்லை. அதைக் கோலாலம்பூரில் உள்ள கார்கோசா ஸ்ரீ நெகாராவில் எடுத்தார்கள்.

பேய் எப்படிக் குடியேறியது?

தேக்காவில் கெர்பாவ் ரோட்டுக்குப் போனால் வானவில் நிறத்தில் ஒரு வீடு இருக்குமே, டான் டெங் நியா வீடு, அது 1900இல் கட்டப்பட்டது. இப்போதைய வுட்நியூக்கைவிட வயதில் மூத்தது. அதைப் பார்த்து யாராவது பயப்படுகிறார்களா? வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். ஆக, பழைய வீடு என்பதால் மட்டும் பேய் வந்துவிடுவதில்லை. ஆள் இல்லாமல் விட்டால்தான் வருகிறது.

வுட்நியூக் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. 2006இல் ஏற்பட்ட தீயில் கூரை எரிந்துபோனது. அதன்பிறகு மழை உள்ளே இறங்கியது, செடி கொடி ஏறியது, சுவரெல்லாம் கிறுக்கல். காற்றடித்தால் உடைந்த ஜன்னல் சத்தம் போடத்தானே செய்யும்? அரைகுறை வெளிச்சத்தில் கறையையும் நிழலையும் முகமாகப் பார்ப்பது மூளையின் பழக்கம். அதுவும் "பேய் இருக்கு" என்று கேள்விப்பட்டுவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம்.

கதைகளில் வருவது யார் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். வெள்ளை உடை, நீண்ட கூந்தல், மல்லிகையோ வேறு ஏதோ பூ வாசனை. நம் வீட்டுப் பாட்டிகள் மோகினி என்பார்கள். மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்பார்கள், பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் ஆவி. 1957இல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து இங்கு வந்து படம் எடுத்தவர். சிங்கப்பூர்ப் பேயின் முகத்தை வரைந்ததில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு போலிருக்கிறது.

கதையில் வராதவர்கள்

காணொளிகளில் ஜப்பானியச் சிப்பாய் வருகிறார், வெள்ளைக்காரப் பெண் வருகிறார். ஆனால் டையர்சாலில் உண்மையிலேயே கொத்துக் கொத்தாகச் செத்துப்போனவர்கள் இந்தியர்கள். அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டாம் உலகப்போரின்போது டையர்சால் பார்க் ஒரு ராணுவ முகாம். அங்கேயே இந்தியச் சிப்பாய்களுக்கான ராணுவ மருத்துவமனையும் இருந்தது. மருத்துவமனை என்றதும் கான்கிரீட் கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். மரச்சட்டம், மேலே அத்தாப்புக் கூரை. அவ்வளவுதான்.

1942 பிப்ரவரி 11. ஜப்பானியப் படை புக்கிட் தீமா வரை வந்துவிட்டது. அன்று டையர்சால் மீது குண்டு விழுந்தது. காய்ந்த அத்தாப்பில் தீ பிடித்தால் என்ன ஆகும்? ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்குத் தாவிக்கொண்டே போயிருக்கிறது. கட்டிலை விட்டு எழ முடியாத காயக்காரர்கள் உள்ளே. பக்கத்து முகாமில் இருந்த ஸ்காட்லந்து வீரர்கள் ஓடிவந்து முடிந்தவரை ஆட்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அப்படியும் ஏறத்தாழ 200 பேர் மாண்டதாகப் போர் வரலாறுகள் சொல்கின்றன.

நான்கு நாளில், பிப்ரவரி 15ஆம் தேதி, பிரிட்டிஷ் படை சரணடைந்தது. 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஓரிடத்தில் கூட்டினார்கள். எந்த இடம் தெரியுமா? ஃபேரர் பார்க். தேக்காவிலிருந்து பத்து நிமிட நடை. அங்கேதான் அவர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர மோகன் சிங் அழைப்பு விடுத்ததும் அங்கேதான்.

ஊருக்காகவோ போரிலோ செத்தவனுக்கு நடுகல் வைத்துக் கும்பிட்ட மரபு நம்முடையது. அகாலமாக இறந்தவர்கள் குலதெய்வமான கதைகள் எத்தனையோ உண்டு. டையர்சாலில் வெந்துபோனவர்களுக்கு ஒரு பேய்க்கதைகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஜன்னல் பேயைவிட அதிகம் உறுத்துகிறது.

சரி, போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். அது தனியார் நிலம், அத்துமீறி நுழைவது குற்றம். கூரையும் இல்லாத கட்டடத்தின் படிக்கட்டும் மாடித் தளமும் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. பேயைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். டையர்சால் வட்டாரமும் இப்படியே இருக்கப்போவதில்லை. அங்குள்ள ஜொகூர் அரச குடும்பத்தின் 13 ஹெக்டர் நிலத்துக்குப் பதிலாக 8.5 ஹெக்டர் அரசாங்க நிலத்தைத் தரும் ஒப்பந்தம் 2024இல் அறிவிக்கப்பட்டது.

அந்தச் சூழலை உணர வேண்டுமென்றால் பூமலையின் டையர்சால் பகுதிக்குப் போங்கள். 2017இல் திறந்த 'கற்றல் வனம்' அங்கே இருக்கிறது, அனுமதி இலவசம்.

இந்தியச் சிப்பாய்களைத் தேடுபவர்கள் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போகலாம். கல்லறை கிடைக்காத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்புறம், சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஏறத்தாழ 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். பெரும்பாலானவர்கள் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் உள்ளே நடந்துபோய்ப் பாருங்கள்.