முதல் சீடர்கள் – 7: சரிபங்கு இல்லாத அழைப்பு

சென்ற வாரம் யோவான் ஸ்நானகனோடு யோர்தான் கரையில் நின்றோம். இந்த வாரம் கலிலேயாக் கடலுக்குப் போவோம். கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரிதான். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். அகலம் மிஞ்சிப்போனால் 13 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. அதன் வடகரையில் கப்பர்நகூம். அந்தப் பக்கத்தில் தொழில் செய்துவந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் இயேசு முதலில் நான்கு பேரைக் கூப்பிட்டார். ஒரு வீட்டிலிருந்து சீமோன், அந்திரேயா. இன்னொரு வீட்டிலிருந்து யாக்கோபு, யோவான். இரண்டு ஜோடியும் உடன்பிறந்தவர்கள்.

மாற்கு இதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, செபெதேயுவின் படகில் மகன்கள் இருவரும் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்க்கிறார்கள். கூடவே கூலியாட்களும் இருக்கிறார்கள். இந்தக் கூலியாட்களைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. செபெதேயு அன்றாடங்காய்ச்சி அல்ல. ஆள் வைத்துத் தொழில் நடத்துகிறவர். இரண்டு வீட்டாரும் தொழிலில் கூட்டாளிகள் என்று லூக்கா சொல்கிறார்.

1986-ல் வறட்சியால் ஏரி நீர் உள்வாங்கியபோது, கின்னோசார் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு மீனவர்கள் சேற்றுக்குள் ஒரு பழைய படகின் விளிம்பைக் கண்டார்கள். அவர்களும் உடன்பிறந்தவர்கள். ஆராய்ந்து பார்த்ததில் அது ஏறக்குறைய இயேசுவின் காலத்துப் படகு என்று தெரிந்தது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே வகை மரத்தில் செய்தது அல்ல. கிடைத்த மரத்தையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு, பலமுறை செப்பனிட்டு, இனி முடியாது என்கிற நிலை வரைக்கும் ஓட்டியிருக்கிறார்கள். இந்த அளவுப் படகைத் தனி ஆளாகக் கொண்டுபோக முடியாது. துடுப்புக்கு ஆள் வேண்டும், சுக்கானுக்கு ஆள் வேண்டும், வலைக்கு ஆள் வேண்டும். அதனால்தான் அப்பனும் பிள்ளைகளும், அது போதாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனும் சேர்ந்து தொழிலில் இறங்கினார்கள்.

சேர்ந்து இறங்கினால் கரைக்கு வந்ததும் பங்கு பிரிக்க வேண்டும். ஆயத்துறைக்குப் போவது போக, கூலிக்குப் போவது போக, மிச்சத்தில் உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு. அண்ணன் தம்பி உறவு பங்கு பிரிக்கிற இடத்தில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து, சொத்தைப் பிரித்துத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்ல வேண்டும் என்று இயேசுவிடமே கேட்டான். அந்தப் பஞ்சாயத்துக்கு அவர் உட்படவில்லை. அவர் கூப்பிட்ட சகோதரர்களுக்கும் அவர் சரிபங்கு போட்டுக் கொடுக்கவில்லை. நான்கு பேரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நெஞ்சில் உறைக்கிற விஷயம் இதுதான். ஒரே கரையில், ஒரே நாளில், ஒரே குரலில் கூப்பிடப்பட்டவர்களுக்குக் கிடைத்த பங்குகள் ஒன்றுக்கொன்று ஒப்பாகவே இல்லை.

அந்திரேயாவை எடுத்துக்கொள்வோம். அவர் ஏற்கெனவே யோவான் ஸ்நானகனின் சீடர். ஸ்நானகன் சுட்டிக்காட்டியதும் இன்னொரு சீடரோடு இயேசுவின் பின்னால் போனவர். பிற்பகல் நான்கு மணி அளவில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போய், அன்று அவரோடேயே இருந்தவர். அங்கிருந்து தம் சகோதரர் சீமோனைத் தேடிப்போய், மேசியாவைக் கண்டுவிட்டோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவர். வந்த சீமோனை இயேசு உற்றுப் பார்க்கிறார். அந்த இடத்திலேயே அவருக்குப் பேதுரு என்று புதுப் பெயர் கொடுக்கிறார். கூட்டிவந்தவரிடம் என்ன சொன்னார்? யோவான் நற்செய்தியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பிறகு செபெதேயுவின் மக்களுக்கும் இயேசு ஒரு பெயர் கொடுத்தார், இடிமுழக்கத்தின் மக்கள் என்று. இந்த நான்கு பேரில் புதுப் பெயர் கிடைக்காதவர் அந்திரேயா ஒருவர்தான். பன்னிருவரின் பெயர்களை மாற்கு வரிசையாகச் சொல்லும்போது பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோருக்குப் பிறகுதான் அவர் வருகிறார். முதலில் வந்தவர் நான்காவது இடத்தில்.

யவீருவின் மகள் கிடந்த அறைக்குள் சீடர்களில் பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூன்று பேருக்குத்தான் அனுமதி. அந்திரேயா வெளியே நிற்கிறார். மறுரூப மலையிலும் அந்த மூன்று பேர்தான். மலையடிவாரத்தில் என்ன நடந்தது என்பதையும் மாற்கு சொல்கிறார். வலிப்பு வந்து விழுகிற ஒரு பையனை அவன் தகப்பன் கொண்டுவந்திருக்கிறார். மீதி ஒன்பது பேரால் அவனைக் குணமாக்க முடியவில்லை. சுற்றிலும் கூட்டம், வேதபாரகரோடு வாக்குவாதம். பேதுரு ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்திரேயா கீழே தோற்று நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பின் நடந்ததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கும்போது, கண்டதை உயிர்த்தெழும் வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று இயேசு அந்த மூவருக்கும் கட்டளையிடுகிறார். யாருக்கும் என்றால் வீட்டில் இருப்பவருக்கும்தான். சீமோனும் அந்திரேயாவும் கப்பர்நகூமில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். சீமோனின் மாமியார் காய்ச்சலாகக் கிடந்ததும் அந்த வீட்டில்தான். கப்பர்நகூமின் அகழாய்வில் வெளிப்பட்ட குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பொது முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். ஒருவர் பெருமூச்சு விட்டால் அடுத்தவருக்குக் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில், மோசேயையும் எலியாவையும் கண்ணால் கண்ட ஒருவர், காணாத தம் உடன்பிறப்போடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. சீடத்துவம் பேதுருவிடம் அன்றைக்குக் கேட்டது அந்த மௌனத்தை. அந்திரேயாவிடம் கேட்டது, ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது என்று தெரிந்தும் கூடவே இருப்பதை.

அடுத்த காட்சி கப்பர்நகூமில், ஒரு வீட்டுக்குள். வழியில் எதைப் பற்றி விவாதித்தீர்கள் என்று இயேசு கேட்கிறார். எல்லாரும் தலைகுனிகிறார்கள். தங்களில் யார் பெரியவர் என்பதுதான் விவாதம். அது இந்தச் சகோதரர்களின் வீடாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்திரேயா என்றால் ஆட்களை இயேசுவிடம் கூட்டிவருகிறவர் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருப்போம். சகோதரனைக் கூட்டிவந்தார், ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனைக் காட்டினார், இயேசுவைப் பார்க்க விரும்பிய கிரேக்கரைப் பற்றிப் பிலிப்பு வந்து சொன்னபோது, அவரோடு சேர்ந்து போய் ஆண்டவரிடம் தெரிவித்தார். இவை எல்லாம் உண்மைதான். என் மனதைத் தொடுவது வேறு. தாம் கூட்டிவந்த சகோதரர் முந்திக்கொண்டு போன பிறகும் அவர் விலகிப் போகவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து பேசினார், ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள். பேதுரு மற்றப் பதினொருவரோடு எழுந்து நின்றார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்தப் பதினொருவரில் ஒருவராக, பேசாமல் நின்றவர் அந்திரேயா.

செபெதேயுவின் வீட்டுக் கதை வேறு மாதிரி. அங்கே ஒருவர்மேல் ஒருவருக்குப் பொறாமை இருந்ததற்கு அடையாளமே இல்லை. எதைச் செய்தாலும் சேர்ந்தே செய்தார்கள். அதில்தான் ஆபத்து இருந்தது. சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுத்தபோது, வானத்திலிருந்து தீ இறங்கி அவர்களை அழிக்கட்டுமா என்று இருவரும் ஒரே வாயாகக் கேட்டார்கள். இயேசு இருவரையும் சேர்த்தே கடிந்துகொண்டார். எருசலேமுக்குப் போகும் வழியிலும் சேர்ந்தே வந்து, மகிமையில் ஒருவருக்கு வலதுபக்கமும் ஒருவருக்கு இடதுபக்கமும் இடம் கேட்டார்கள். மத்தேயு சொல்கிறபடி, அவர்களின் தாயும் வந்து பணிந்து கேட்டார். குடும்பமே சேர்ந்து போட்ட விண்ணப்பம். இரண்டு இடத்தையும் ஒரே வீட்டுக்கு எழுதி வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை. அந்திரேயாவுக்குக் கோபமே வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதைக் கேட்டுப் பத்துப் பேரும் எரிச்சலடைந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்தில் பேதுருவும் உண்டு, அந்திரேயாவும் உண்டு.

நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று இயேசு கேட்டபோது, முடியும் என்றார்கள் இருவரும். கெத்செமனேயில் அந்தப் பாத்திரத்தை நினைத்து அவர் தரையில் விழுந்து ஜெபித்தபோது, அதே இருவரும் பேதுருவோடு தூங்கிவிட்டார்கள். மறுநாள் கொல்கொதாவில் அவருடைய வலதுபக்கமும் இடதுபக்கமும் நிரம்பின. இரண்டு கள்வர்கள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பெயர்களைச் சொல்லும் மத்தேயு, செபெதேயுவின் மக்களுடைய தாயும் அங்கே நின்றார் என்று எழுதுகிறார். சில நாட்களுக்கு முன்னால் தம் பிள்ளைகளுக்காகத் தாம் என்ன கேட்டோம் என்பது அந்தத் தாய்க்கு அங்கேதான் புரிந்திருக்கும். நம் பிள்ளைகளுக்காக நாம் செய்யும் ஜெபங்களை நினைத்தால், இந்த ஒரு பெண் அங்கே நின்றதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

எப்போதும் சேர்ந்தே நடந்த இந்த இருவரை ஒரு வாள் பிரித்தது. ஏரோது அகிரிப்பா ராஜா யாக்கோபை வாளால் கொன்றுபோட்டான் என்று ஒரே வரியில் லூக்கா எழுதிவிட்டுப் போகிறார். அந்த ராஜா செத்தது கி.பி. 44-ல், ஆகவே யாக்கோபின் மரணம் அதற்கு முன். பன்னிருவரில் முதல் இரத்தசாட்சி அவர். யோவானோ எபேசுவில், டிராஜன் பேரரசனின் காலம்வரை வாழ்ந்தார் என்று ஐரேனியு சொல்கிறார். டிராஜன் ஆட்சிக்கு வந்தது 98-ல். அப்படியானால் சகோதரனை இழந்த பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் யோவான் உயிரோடு இருந்திருக்கிறார். இருவரும் குடிப்பார்கள் என்று இயேசு சொன்ன பாத்திரத்தை ஒருவர் ஒரே மூச்சில் குடித்தார். மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் குடித்தார். இதில் எது கடினம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

யாக்கோபு கொலையுண்ட அதே அதிகாரத்தில்தான் பேதுரு காவலிலிருந்து தப்புகிறார். அதே ராஜா, அதே நாட்கள். சபை பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபித்தது. தூதன் வந்தான், சங்கிலிகள் கழன்று விழுந்தன, இரும்புக் கதவு தானாகத் திறந்தது. யாக்கோபுக்காக அதே சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? யோவானின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரே படகில் வளர்ந்த சகோதரன் போய்விட்டான். கூட்டாளியின் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. என் வீட்டுக்கு வராத தூதன் அந்த வீட்டுக்கு வந்தது ஏன் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? நம் சபைகளில் ஒரே நோயில் ஒரு வீட்டில் பிழைத்து, அடுத்த வீட்டில் இழந்த குடும்பங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் நின்று இந்த அதிகாரத்தை வாசிக்கிறவர்கள், தூதன் வந்த பகுதியிலிருந்து மட்டும் தொடங்கிவிடக் கூடாது. இரண்டாம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி முதலில் எழுந்தது பேதுருவின் வாயிலிருந்து. உயிர்த்தெழுந்த பிறகு, அதே கலிலேயாக் கரையில், பேதுரு எப்படி மரிப்பார் என்பதை இயேசு அவருக்குக் குறிப்பாகச் சொல்கிறார். கேட்ட மாத்திரத்தில் பேதுரு திரும்பிப் பார்க்கிறார். பின்னால் வருகிற அன்பான சீடரைக் காட்டி, இவன் காரியம் என்ன என்கிறார். திருச்சபை மரபு அந்தச் சீடரை யோவான் என்று அறிகிறது. எனக்கு இப்படி என்றால் அவனுக்கு எப்படி? பங்கு பிரிக்கிற கரையில் வளர்ந்தவருக்கு இயல்பாக வரக்கூடிய கேள்வி. அது உன் விஷயம் அல்ல, நீ என் பின்னால் வா என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். அடுத்தவருக்கு என்ன வைத்திருக்கிறார் என்ற கணக்கு பேதுருவுக்குக் காட்டப்படவே இல்லை.

யோவானிடம் நடந்த மாற்றத்தைக் காட்டும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. யாக்கோபின் மரணத்துக்கு முன்பே, சுவிசேஷகரான பிலிப்புவின் (முன்பு சொன்ன சீடர் பிலிப்பு அல்ல) ஊழியத்தால் சமாரியர் விசுவாசித்தார்கள் என்று கேள்விப்பட்டு, எருசலேமிலிருந்து பேதுருவையும் யோவானையும் அனுப்பினார்கள். சமாரியரை எரித்துவிட ஆசைப்பட்ட அதே யோவான், அவர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்க வேண்டும் என்று ஜெபித்து, கை வைத்தார். திரும்பி வரும்போது சமாரியரின் பல கிராமங்களில் இருவரும் நற்செய்தி சொன்னார்கள். முன்பு இடம் கொடுக்காத அந்தக் கிராமமும் அவற்றில் ஒன்றாக இருந்திருக்குமோ என்று நினைக்கத் தோன்றுகிறது. சொந்தச் சகோதரன் பக்கத்தில் இல்லாமல், அந்திரேயாவின் சகோதரனோடு நடந்த பயணம் அது.

யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். யாக்கோபின் இடத்துக்கு யாரையும் தேர்ந்தெடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. ஆனால் காவலிலிருந்து தப்பிய பேதுரு, மாற்குவின் தாய் மரியாளின் வீட்டு வாசலில் நின்று, இந்தச் செய்தியை யாக்கோபுக்குத் தெரிவியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இது வேறு யாக்கோபு. ஆண்டவரின் சகோதரர் என்று பவுல் குறிப்பிடுகிறவர். கலிலேயாக் கரையில் இயேசு மற்ற வீட்டுச் சகோதரர்களைக் கூப்பிட்ட காலத்தில், அவருடைய சொந்தச் சகோதரர்கள் அவரை நம்பவில்லை. அவர்களில் ஒருவர் எருசலேம் சபைக்குத் தலைவராகி, கி.பி. 62-ல் கல்லெறியுண்டு மரித்தது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)