கோல்ப் பணமும் எமது பிள்ளைகளின் மைதானமும்

கோல்ப் எமது வட்டைகளுக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. சிறு பந்தொன்றை நீண்ட மட்டையால் அடித்து, 18 குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுத்த வேண்டும். கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் வெள்ளைக்காரர் இதற்கெனக் கழகம் அமைத்தனர். முழு அளவான மைதானத்துக்கு வழக்கமாக நூறு ஏக்கருக்கு மேல் காணி வேண்டும். ஒரு துண்டு வயலுக்காகக் கச்சேரி வாசலில் காத்திருந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆயினும் பாடசாலை மைதானங்களுக்கு நிதி திரட்டவும் இவ்விளையாட்டு உதவுகிறது. அப்பணம் வரும் விதத்தை நாமும் அறிந்திருப்பது நல்லது.

போட்டியில் பெரும்பாலும் நான்குபேர் ஓர் அணியாகச் சேர்ந்து கட்டணம் செலுத்துவர். ஒவ்வொரு குழியருகிலும் ஒரு கம்பனி தன் பெயர்ப் பலகையை நாட்டிப் பணம் தரும். ஒரே அடியில் குழியில் விழுத்துபவருக்குக் கார் பரிசு என்றும் சொல்வார்கள். அதற்கு முன்கூட்டியே காப்புறுதி செய்துவிடுவதால் எவர் கையும் கடிப்பதில்லை! சாப்பாடு, மைதான வாடகை முதலியன போக மிஞ்சுவதே தருமத்துக்குச் சேரும். எனவே திரண்ட தொகையை அல்ல, மிஞ்சிய தொகையைக் கேளுங்கள்.

எமது நாட்டில் இதற்கு நெருங்கிய உதாரணம் கிரிக்கெட்டில் உண்டு. 2005 ஜனவரி 10இல் மெல்பேர்ணில் நடந்த ஒரே ஆட்டம், ஆழிப்பேரலை நிவாரணத்துக்கு 1 கோடியே 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் சேர்த்தது. பணம் சேர ஒரு நாள் போதும். அதைக் கட்டிக்காப்பதுதான் வருடக்கணக்கான வேலை. தெற்கே சீனிகமவில் எம்.சி.சி., சறே ஆகிய ஆங்கிலேயக் கழகங்களின் உதவியுடன் விளையாட்டு வசதிகள் எழுந்தன. அங்கே 1999 முதலே கிராமத்துக்குள் இயங்கிய ஓர் அமைப்பு பொறுப்பை ஏற்றிருந்தது.

நாவிதன்வெளியின் நிலை வேறு. மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும். இல்ல விளையாட்டுப் போட்டிகளோ வழக்கமாக முதலாம் தவணையில், நிலம் ஈரம் காயும் முன்னரே வரும். வட்டைக் களிமண்ணை மட்டமாக இழுத்துப் புல் நட்டால் அது மீண்டும் வயலாகத்தான் இருக்கும். 60 மீற்றர் அகல நிலத்தில் நடுப்பகுதியை ஓரங்களைவிட ஓர் அடி உயர்த்தி, இருபுறமும் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடியும். மேல்மண்ணை முதலில் வழித்து ஒதுக்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும். புல்லுக்கு வெளியூர் போகத் தேவையில்லை. வெப்ப நாடுகளின் கோல்ப் மைதானங்களில் வளர்வது நீங்கள் வரம்பில் பிடுங்கி எறியும் அறுகின் இனமே. 400 மீற்றர் ஓடுபாதைக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் வேண்டும். 200 மீற்றர் பாதை 2 ஏக்கருக்குள் அடங்கும். சிறிய பாடசாலைக்கு இரண்டாவதே போதும் என்பது எமது எண்ணம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. வேலி அடைக்கப்படும் காணி யாருடையது? இடம்பெயர்ந்து போன குடும்பத்தின் வளவு, ஆளில்லாத காரணத்தால் வெறுங்காணி ஆகிவிடாது. பணம் கொடுப்பவர் தூரத்தில் இருப்பவர். அவருக்குப் பற்றை மூடிய நிலமாகவே அது தெரியும். ஆகவே மைதானக் குழு கூடும்போது அனுமதிப்பத்திரம், உறுதி, பழைய வரைபடம் எதுவிருந்தாலும் கொண்டு செல்லுங்கள். பிரதேச செயலகப் பதிவுடன் ஒப்பிட்டு எல்லைக்கல் நாட்டிய பிறகே மண் வெட்டும் இயந்திரம் இறங்க வேண்டும். திரும்பி வராத அயலவரின் முகவரி தெரிந்தால் அவருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.