நைஜீரியா: மூன்று பிராந்தியங்கள் முப்பத்தாறு மாநிலங்களான வரலாறு

நைஜீரியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் அரசியலமைப்பு மீளாய்வுக்கென அமைக்கப்பட்ட குழு, புதிய மாநிலங்களை உருவாக்குமாறு கோரும் 31 முன்மொழிவுகள் தன்னிடம் சமர்ப்பிக்கப்பட்டிருப்பதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அந்நாட்டில் ஏற்கெனவே 36 மாநிலங்களும் அபுஜா என்ற சமஷ்டித் தலைநகர்ப் பிரதேசமும் உள்ளன. 1960 ஒக்டோபர் 1ஆம் திகதி பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்றபோது அங்கிருந்தவை மூன்று பிராந்தியங்கள் மாத்திரமே. மூன்று எவ்வாறு முப்பத்தாறாகியது, அதன் பின்னரும் புதிய மாநிலக் கோரிக்கைகள் ஏன் ஓயவில்லை என்பது ஆபிரிக்க விவகாரங்களில் அக்கறையுள்ளோர் மாத்திரமன்றி, அதிகாரப் பகிர்வு பற்றிச் சிந்திக்கும் எவரும் ஆராயத்தக்க விடயமாகும். சிறுபான்மையினரின் அச்சத்துக்குப் பரிகாரமாக முன்வைக்கப்பட்ட எல்லைப் பிரிப்பு, காலப்போக்கில் மத்திய அரசின் பிடியை இறுக்கும் கருவியாகவும் மாறியது என்பதே அந்நாட்டின் அனுபவம் என நாம் கருதுகிறோம்.

நைஜீரியா என்ற பெயரே காலனித்துவம் இட்ட பெயராகும். வடக்குப் பாதுகாப்புப் பிரதேசத்தையும், லாகோஸ் குடியேற்றத்தை உள்ளடக்கிய தெற்குப் பாதுகாப்புப் பிரதேசத்தையும் 1914 ஜனவரி 1ஆம் திகதி பிரெடரிக் லுகார்ட் ஒன்றிணைத்தார். இணைக்கப்பட்டது பெயரளவிலேயே. வடக்கில் சொக்கோட்டோ சுல்தானினதும் அமீர்களினதும் ஊடாக மறைமுக ஆட்சி நடைபெற்றது. தெற்கிலோ மிஷனரிப் பாடசாலைகளும் ஆங்கிலக் கல்வியும் வேகமாகப் பரவின. 1939இல் தெற்கு மாத்திரம் மேற்கு, கிழக்கு என இரண்டாக்கப்பட்டது. வடக்கைப் பிரிட்டிஷார் தொடவில்லை. பின்னர் எழுந்த பல சிக்கல்களின் வித்து இந்த ஒரு முடிவிலேயே இருந்தது. ஏனெனில் 1954இல் சமஷ்டி அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கையும் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோரையும் கொண்ட ஒரு பிராந்தியம் ஏனைய இரண்டுக்கும் அருகே நின்றது. ஓர் உறுப்பு மற்றெல்லா உறுப்புகளையும் சேர்த்தாலும் பெரிதாக இருக்கும் சமஷ்டி நிலைத்து நிற்பது கடினம்.

மூன்று பிராந்தியங்களிலும் மூன்று பெரும் சமூகங்கள் மேலோங்கின. வடக்கில் ஹவுஸா, புலானி மக்களின் ஆதரவுடன் அஹ்மடு பெல்லோவின் வடக்கு மக்கள் காங்கிரஸும், மேற்கில் யொரூபா மக்களின் ஆதரவுடன் ஒபாபெமி அவலோவோவின் செயற்குழுக் கட்சியும், கிழக்கில் இக்போ மக்களின் ஆதரவுடன் நம்டி அஸிகிவேயின் கட்சியும் ஆட்சி செலுத்தின. ஆனால், நைஜீரியாவில் 250க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உண்டு. வடக்கின் தென்பகுதியில் வாழும் டிவ் மக்களும், கிழக்கின் கரையோரத்தில் வாழும் இஜோ, எபிக், இபிபியோ மக்களும், மேற்கில் பெனின் நகரைச் சூழ வாழும் எடோ மக்களும் தத்தம் பிராந்தியத்தில் நிரந்தரச் சிறுபான்மையினராயினர். வெள்ளையர் போனதும் அண்டை வீட்டுக்காரர் எஜமானராகிவிடுவார் என்பதே அவர்களது அச்சம்.

இந்த அச்சத்தை ஆராய 1957இல் சேர் ஹென்றி வில்லிங்க் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை பிரித்தானியா நியமித்தது. 1958இல் வெளியான அதன் அறிக்கை, அச்சங்கள் உண்மையானவை என ஏற்றுக்கொண்டது. ஆயினும், புதிய மாநிலங்களை அமைப்பது பரிகாரமாகாது எனக் கூறி, அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் சேர்ப்பதையும் நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக்கு விசேட அபிவிருத்திச் சபை ஒன்றை அமைப்பதையும் சிபாரிசு செய்தது. சுதந்திரத்தைத் தாமதிக்க எந்தப் பெருங்கட்சியும் விரும்பாததால், சிறுபான்மையினரின் விடயம் காகித உறுதிமொழிகளுடன் ஒத்திவைக்கப்பட்டது. டிவ் மக்கள் 1960இலும் 1964இலும் கிளர்ந்தெழுந்தனர். 1966 பெப்ரவரியில் ஐசக் அடாகா போரோ என்ற இஜோ இளைஞர் நைஜர் கழிமுகக் குடியரசைப் பிரகடனம் செய்து பன்னிரண்டு நாட்கள் போரிட்டார்.

மக்களாட்சி நடைமுறையினூடாக நைஜீரியாவில் உருவாக்கப்பட்ட ஒரேயொரு அலகு 1963இல் அமைந்த மத்திய மேற்குப் பிராந்தியமாகும். பாராளுமன்றத்தின் அங்கீகாரம், பிராந்திய சபைகளின் சம்மதம், அப்பகுதி மக்களிடம் நடத்தப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பு ஆகிய மூன்று படிகளையும் அது தாண்டியது. ஆனால், இதிலும் அரசியல் இல்லாமலில்லை. 1962இல் மேற்குப் பிராந்தியத்தில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, அவலோவோ சிறையிலிருந்த வேளையிலேயே இப்பிரிவினை நிகழ்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இதே கோரிக்கையை முன்வைத்த சிறுபான்மையினருக்கு அச்சலுகை கிட்டவில்லை. எதிரியின் வீட்டைப் பிரிப்பதில் எல்லோரும் உற்சாகம் காட்டினர்.

1966 ஜனவரி 15ஆம் திகதி இளம் இராணுவ அதிகாரிகள் நடத்திய சதிப்புரட்சியில் பிரதமர் அபூபக்கர் தபாவா பலேவாவும் அஹ்மடு பெல்லோவும் கொல்லப்பட்டனர். அதிகாரத்தைக் கையேற்ற ஜெனரல் ஐரொன்சி, அதே ஆண்டு மே மாதம் 34ஆம் இலக்க ஆணையின் மூலம் பிராந்தியங்களை ஒழித்து நாட்டை ஒற்றையாட்சியாக்கினார். பொதுச்சேவையும் ஒன்றாக்கப்பட்டது. கல்வியில் முன்னேறியிருந்த தெற்கத்தியர் தமது பதவிகளையும் கைப்பற்றிவிடுவர் என வடக்கில் அச்சம் பரவியது. ஒரு சில நாட்களுக்குள் வடநகரங்களில் இக்போ மக்கள் மீது தாக்குதல்கள் ஆரம்பமாகின. ஜூலை மாதம் இரண்டாவது சதிப்புரட்சியில் ஐரொன்சி கொல்லப்பட, யாக்குபு கோவொன் ஆட்சிக்கு வந்து அந்த ஆணையை இரத்துச் செய்தார். ஆயினும் படுகொலைகள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் மேலும் கொடூரமாகத் தொடர்ந்தன. உயிர் தப்பிய இக்போக்கள் இலட்சக்கணக்கில் கிழக்குக்கு ஓடிவந்தனர். ஒரு நிர்வாக ஆணை எத்தனை உயிர்களை விலையாகக் கேட்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

நைஜீரியாவின் இன்றைய வரைபடத்துக்கு அடித்தளமிட்ட நாள் 1967 மே 27 ஆகும். கிழக்கு பிரிந்துசெல்லும் என்பது உறுதியாகிவிட்ட நிலையில், கோவொன் நான்கு பிராந்தியங்களையும் கலைத்து 12 மாநிலங்களைப் பிரகடனம் செய்தார். வடக்குக்கு ஆறு, தெற்குக்கு ஆறு. வடக்கின் மேலாதிக்கம் பற்றிய நீண்டகால முறைப்பாட்டுக்கு இது ஒரு பதிலாக அமைந்தது. அதேவேளை, கிழக்கு மூன்றாக உடைக்கப்பட்டது. இக்போக்களுக்குக் கடலைத் தொடாத மத்திய கிழக்கு மாநிலம் கிடைத்தது. எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பாலானவையும் போர்ட் ஹார்கோட் துறைமுகமும் ரிவர்ஸ் மாநிலத்துக்குள் அடங்கின. மூன்று நாட்களின் பின்னர் ஒஜுக்வு பியாப்ரா குடியரசைப் பிரகடனம் செய்தார். 1970 ஜனவரி வரை நீடித்த யுத்தத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலானோரைக் கொன்றது பட்டினியே.

மாநிலப் பிரிப்பு ஒரு போர்த் தந்திரமாகவும் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதை வெறும் தந்திரமென ஒதுக்கிவிடுவது கரையோர மக்களுக்கு அநீதியாகும். பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டதையே கோவொன் வழங்கினார். ஒகோனி இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் கென் சாரோ-விவா இதற்கு நல்ல உதாரணம். அவர் யுத்தகாலத்தில் சமஷ்டி அரசின் பக்கம் நின்று, பொன்னி துறைமுக நகரின் நிர்வாகியாகப் பணியாற்றியவர். புதிய ரிவர்ஸ் மாநில அரசிலும் பதவி வகித்தார். தனி மாநிலம் தம் மக்களைக் காக்கும் என்பது அவரது நம்பிக்கையாக இருந்தது.

அந்த நம்பிக்கை எவ்வாறு பொய்த்தது என்பதை அறிய எண்ணெய் வருமானத்தின் கதையைப் பார்க்கவேண்டும். சுதந்திரத்தின்போது கனிய வள உரிமைப் பணத்தில் 50 சதவீதம் அது பெறப்பட்ட பிராந்தியத்துக்கே உரியதாயிருந்தது. 1969ஆம் ஆண்டின் பெற்றோலிய ஆணை எண்ணெய் முழுவதையும் சமஷ்டி அரசின் உடைமையாக்கியது. அதன் பின்னர் உற்பத்திப் பிரதேசங்களின் பங்கு கட்டங்கட்டமாகக் குறைக்கப்பட்டு, 1980களில் ஓரிரு சதவீதத்துக்குச் சுருங்கியது. மாநிலம் கையில் கிடைத்த காலத்திலேயே அதன் மடி காலியாக்கப்பட்டது. 1990களில் சாரோ-விவா ஒகோனி மக்களின் உரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1995 நவம்பர் 10ஆம் திகதி, சானி அபாச்சாவின் இராணுவ அரசு அவரையும் மேலும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. தூக்குமேடை இருந்ததும் போர்ட் ஹார்கோட்டிலேயே.

1999ஆம் ஆண்டின் அரசியலமைப்பு உற்பத்திப் பிரதேசங்களுக்குக் குறைந்தது 13 சதவீதத்தை உறுதிப்படுத்தியது. எஞ்சிய வருமானம் மத்திய கணக்கொன்றில் சேர்க்கப்பட்டு மாதந்தோறும் பங்கிடப்படுகிறது. பங்கீட்டு ஒழுங்கின்படி சமஷ்டி அரசுக்கு 52.68 சதவீதமும், எல்லா மாநிலங்களுக்குமாக 26.72 சதவீதமும், உள்ளூராட்சி மன்றங்களுக்கு 20.60 சதவீதமும் செல்கின்றன. மாநிலங்களுக்கிடையிலான பங்கீட்டில் 40 சதவீதம் சகல மாநிலங்களுக்கும் சமமாகவும், 30 சதவீதம் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகிறது. புதிய மாநிலக் கோரிக்கைகள் ஓயாததன் இரகசியம் இங்கேயே இருக்கிறது. ஒரு மாநிலம் இரண்டாகப் பிரிந்தால் சம பங்கு இரண்டு முறை கிடைக்கும். அத்துடன் ஓர் ஆளுநர், ஒரு சட்டசபை, மூன்று செனட்டர்கள், ஒரு தலைநகரம், ஒப்பந்த வேலைகள், அரச நியமனங்கள் என்பன புதிதாக வரும். உழைத்து வளர்க்கவேண்டிய தோட்டமாக அல்லாமல், பங்கு வாங்குவதற்கான பாத்திரமாக மாநிலம் மாறிவிட்டது என்றால் மிகையாகாது.

இந்தப் பின்னணியில் பின்வந்த பிரிப்புகளை விரைவாக நோக்கலாம். 1976 பெப்ரவரி 3ஆம் திகதி முர்தலா முஹம்மட் மாநிலங்களை 19 ஆக்கியதோடு தலைநகரை அபுஜாவுக்கு மாற்றும் முடிவையும் அறிவித்தார். பத்து நாட்களில் அவர் கொல்லப்பட்டார். 1987இல் இப்ராஹிம் பாபங்கிடா இரண்டையும் 1991இல் ஒன்பதையும் சேர்த்து 30 ஆக்கினார். 1996இல் அபாச்சா மேலும் ஆறைச் சேர்த்தார். நான்கு தடவைகளும் இராணுவ ஆணைகளே பேசின. எல்லைகளைக் கீறும்போது விருப்பு வெறுப்புகள் புகுந்தன என்ற விமர்சனமும் எழுந்தது. டெல்டா மாநிலத்தின் தலைநகராக வாரி நகருக்குப் பதிலாக, பாபங்கிடாவின் துணைவியாரது பூர்வீக ஊரான அசாபா தெரிவுசெய்யப்பட்டமை அன்று பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

அலகுகள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் மெலிந்தன. அவலோவோவின் மேற்குப் பிராந்தியம் 1955இல் தன் சொந்த வருமானத்தில் இலவச ஆரம்பக் கல்வியை ஆரம்பித்தது. 2015இல் எண்ணெய் விலை சரிந்தபோதோ பல மாநிலங்கள் மாதக்கணக்கில் ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க முடியாது மத்திய அரசிடம் கையேந்தின. லாகோஸ் மாநிலம் இதற்கு விதிவிலக்கு. ஆனால், அதுவும் 2003இல் தனது 20 உள்ளூராட்சி மன்றங்களை 57 ஆக உயர்த்த முற்பட்டபோது, ஜனாதிபதி ஒபசஞ்சோ அவற்றுக்குரிய நிதியைத் தடுத்து நிறுத்தினார். நிதியை நிறுத்த ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை என 2004 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், பாராளுமன்றம் அங்கீகரிக்கும் வரை புதிய மன்றங்கள் முழுமை பெறா எனவும் அதே தீர்ப்பு கூறியது. பழைய கானோ மாநிலத்திலிருந்து உருவான கானோ, ஜிகாவா ஆகிய இரண்டும் சேர்ந்து 71 மன்றங்களைக் கொண்டிருக்க, லாகோஸுக்கு 20 மாத்திரமே என்பது அம்மாநிலத்தவரின் தீராத மனக்குறையாகும்.

எல்லை எங்கு கீறப்பட்டாலும் அதற்குள் ஒரு புதிய சிறுபான்மை பிறக்கிறது என்பதையும் நைஜீரியா காட்டுகிறது. 1991இல் வடக்கு ஜொஸ் உள்ளூராட்சி மன்றம் தனியாக அமைக்கப்பட்டபோது, ஹவுஸா முஸ்லிம்களுக்கும் பெரோம் உள்ளிட்ட கிறிஸ்தவ இனக்குழுக்களுக்கும் இடையே நகரம் யாருக்கு உரியது என்ற போட்டி கூர்மையடைந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள்கூட, ‘பூர்வீகக் குடி’ என்ற சான்றிதழ் இன்றி அரச வேலையும் கல்வி வாய்ப்பும் பெற இயலாது தவித்தன. 2001, 2008, 2010ஆம் ஆண்டுகளில் அந்நகரில் இரு சமூகத்தவரின் இரத்தமும் சிந்தியது. 1997இல் வாரிப் பகுதியில் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் தலைமையகம் இடம் மாற்றப்பட்டமை, இஜோக்களுக்கும் இட்சேகிரிகளுக்கும் இடையே பல ஆண்டுகள் நீடித்த மோதலைத் தோற்றுவித்தது.

மாநிலம் வெறும் நிர்வாக அலகல்ல என்பதை உணர்த்திய மற்றொரு நிகழ்வு, 1996இல் பிறந்த ஸம்பாராவில் இடம்பெற்றது. அதன் ஆளுநர் அஹ்மட் சானி 1999இல் ஷரீஆ குற்றவியல் சட்டத்தை அறிவித்தார். தொடர்ந்து வடக்கின் மேலும் பதினொரு மாநிலங்கள் அதைப் பின்பற்றின. முஸ்லிம் பெரும்பான்மை மாநிலங்களில் இது மக்களின் விருப்பமாக வரவேற்கப்பட்டது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சம அளவில் வாழும் கடூனாவிலோ, 2000ஆம் ஆண்டில் பெரும் வன்செயல் மூண்டது. அதன் பின்னர் அம்மாநில அரசு சமூகங்களின் பரம்பலுக்கு ஏற்ப வெவ்வேறு நீதிமன்றங்களை அனுமதிக்கும் ஒரு மிதமான ஏற்பாட்டுக்கு வந்தது. எல்லையை மாற்றாமல் எல்லைக்குள் ஒரு வழி காணப்பட்டமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்றைய கோரிக்கைகளுள் நியாயம் கூடியது தென்கிழக்கினுடையது என்பது எமது அபிப்பிராயம். ஆறு அரசியல் வலயங்களுள் வடமேற்குக்கு ஏழு மாநிலங்களும் ஏனைய நான்குக்கு ஆறு வீதமும் இருக்க, இக்போக்களின் தென்கிழக்குக்கு மாத்திரம் ஐந்தே உள்ளன. 2014ஆம் ஆண்டின் தேசிய மாநாடு மேலும் 18 மாநிலங்களை அமைக்குமாறு சிபாரிசு செய்தபோது, இந்தக் குறையை நிவர்த்திப்பதையும் உள்ளடக்கியிருந்தது. அச்சிபாரிசுகள் நடைமுறைக்கு வரவில்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு விதிக்கும் நிபந்தனைகளோ கடுமையானவை. சம்பந்தப்பட்ட பகுதியின் மக்கள் பிரதிநிதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கோரவேண்டும். அப்பகுதி மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சர்வஜன வாக்கெடுப்பில் ஆதரிக்கவேண்டும். நாட்டின் பெரும்பான்மையான மாநில சட்டசபைகள் சம்மதித்த பின்னர், பாராளுமன்றத்தின் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றவேண்டும். ஒரு புதிய மாநிலத்துக்கு வாக்களிக்கும் ஏனைய சட்டசபைகள், மாதாந்தப் பங்கீட்டில் தமது பங்கைக் குறைத்துக்கொள்ளவே வாக்களிக்கின்றன.